யாருக்குக் கொழுப்பு

காங்கேயம்
14.11.2023

செவ்வந்திக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. மறந்து விட்டுப்போனது என்று நினைத்துக்கொள்ளாதே. வேண்டுமென்றேதான் போடவில்லை.

உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து பதினான்கு மாதம் ஆகிறது. அது பேச்சுக்கு. எழுதமாட்டேன் என்று நான் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை. இருந்தாலும் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். "எழுத்துக்கு வாய் இல்லீங்களே அம்மா" என்றார். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உடனே போனை எடுத்து அடிக்காதே. எடுக்கமாட்டேன்.

என் பேத்தி சண்முகப்ரியா கல்யாணம். ஆவணி மாதம், இரண்டாம் பந்தி, பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். நீ ஊதாச் சேலை கட்டியிருந்தாய், கீழே ஃபால்ஸ் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது பேர் முன்னால் கூடப்பிறந்த அக்காளைப் பார்த்து, "உனக்கு உடம்பெல்லாம் கொழுப்புக்கா" என்றாய். எனக்கு எதுவும் மறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசி பிறந்ததிலிருந்து காலையில் எழுந்தால் எனக்கு விரல் மடங்குவதில்லை. இரண்டு கையிலும் முட்டி முட்டியாக வீக்கம். ஒன்பதரை மணி வெயில் வந்தால்தான் கொஞ்சம் இளகுகிறது. தேங்காய்க் களத்தில் சிரட்டையிலிருந்து கொப்பரை தோண்டுவதற்கு நாற்பத்து மூன்று வருஷமாகக் கத்தி பிடித்த கை இது. போன மாதம் அந்தக் கத்தி மூன்று தடவை நழுவிக் கீழே விழுந்தது. மகன் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். மூட்டு டாக்டர் பேர் பிரத்யுஷா, சின்ன வயசுதான். ஏழு குப்பி ரத்தம் எடுத்தார்கள். முடக்கு வாதமாம். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், கை கோணாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதை எழுத இந்தக் கடிதம் இல்லை. ரத்தம் எடுத்த இடத்தில் நவ்யா என்று ஒரு பெண் காகிதத்தைப் படித்துச் சொன்னாள். கொழுப்பு நூற்று முப்பத்தெட்டு. எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டேன். இருநூறு வரைக்கும் இருக்கலாமாம். "உங்களுக்கு ரொம்பக் கம்மிங்க பாட்டி, சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இப்படி இருக்காது" என்றாள்.

ஜெராக்ஸ் இரண்டு எடுத்தேன். ஒன்றைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்னொன்று இந்த உறையில் இருக்கிறது. எந்த இடம் என்று நீ தேடவேண்டாம், சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் பிரான்சிஸிடமும் காட்டு.

எழுத்து கோணலாக இருந்தால் அது கையின் வீக்கம். நான் நாலாவதுதான் படித்தேன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாரியாத்தாள்


வால்பாறை
22.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போடுகிறேன், நீ போடாவிட்டாலும்.

உன் ஞாபகத்தை யாரும் குறை சொல்லமுடியாது. சேலை ஊதாதான். தையல் விட்டிருந்ததும் உண்மை. ஆனால் நான் அதைச் சொல்வதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய் என்பது மட்டும் உனக்கு எப்படியோ மறந்துவிட்டது. நாங்கள் விடிகாலை நாலு மணிக்கு எஸ்டேட் லைன் வீட்டில் இருந்து கிளம்பினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவு, அவருக்கு அட்டகட்டி தாண்டுவதற்குள் மூன்று தடவை வாந்தி. பொள்ளாச்சியில் வண்டி மாறி, பல்லடத்தில் மாறி, வந்து மண்டபத்துக்குள் கால் வைக்கிறேன். நீ பந்தியின் அந்தக் கோடியில் இருந்து, "வாங்க சீமாட்டி, எலை எடுக்கற நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்க" என்றாய். அதையும் அந்த நூற்றைம்பது பேரும் கேட்டார்கள். அதற்கப்புறம்தான் நான் சொன்னது.

போகட்டும். உன் காகிதத்தைப் பிரான்சிஸிடம் காட்டினேன். சிரித்தார். பிறகு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டர் அனீஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நீ சிவப்புக் கோடு போட்ட இடத்தை அவர் பார்க்கவே இல்லை அக்கா. அதற்கு நாலு வரி மேலே ஈ.எஸ்.ஆர். தொண்ணூற்று நாலு என்று இருக்கிறது, உடம்பில் வீக்கம் எவ்வளவு என்று காட்டுகிற நம்பராம், முப்பதுக்குள் இருக்கவேண்டுமாம், அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

முடக்கு வாதத்தில் வீக்கம் மூட்டில் மட்டும் இல்லையாம். ரத்தக்குழாயின் உள்சுவரிலும் அதே வீக்கம் இருக்குமாம். அது கொதித்துக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் கொழுப்பு குறைவாகத்தான் காட்டுமாம். அதைப் பார்த்து இருதயம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது என்றார். மற்றவர்களுக்கு ஒரு பங்கு மாரடைப்பு வரும் என்றால், இந்த வியாதிக்காரர்களுக்கு ஒன்றரைப் பங்கு வருமாம். "நம்பர் கம்மிங்கிறதுக்காக உங்கக்காவ சந்தோசப்பட வேண்டாம்னு சொல்லுங்க. இருதயத்தையும் ஒருதடவ பாக்கச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். வாயில் வைக்கிற புகையிலையையும் விட்டுவிடு. அதுவும் இருதயத்துக்கு ஆகாது.

உன் தங்கச்சி
செவ்வந்தி


காங்கேயம்
3.12.2023

செவ்வந்திக்கு,

கொழுப்பு அதிகமாக இருந்தால் அது குற்றம். குறைவாக இருந்தால் அதுவும் குற்றம். நீ முப்பது வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாய். படுக்கை விரித்தாய், தரை துடைத்தாய். அதற்குள் டாக்டர் ஆகிவிட்டாயா?

நூற்று முப்பத்தெட்டு என்னுடையது. காகிதத்தில் அச்சடித்து வந்தது. வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் அழித்தால் அழியாது.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள் நிறம், வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் தின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். என்ன கிழமை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். சந்தை நாள் என்றேன். மற்ற எந்தக் கிழமை மறந்தாலும் அது எனக்கு மறக்காது.

புகையிலையைப் பற்றி எழுத நீ யார்? 1991-இல் பிரான்சிஸ் வீட்டில் எனக்குச் சர்க்கரை இல்லாத தேத்தண்ணி கொடுத்தார்களே, அன்றைக்கு எங்கே போயிற்று இந்த அக்கறை?

நான் சீமாட்டி என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மாரியாத்தாள்


காங்கேயம்
20.3.2024

செவ்வந்திக்கு,

என் மகன் வாய் சும்மா இருக்காது. நீ அவன் மூலமாகக் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

கை நன்றாகிவிட்டது. தை பிறந்ததும் வீக்கம் வற்ற ஆரம்பித்தது. மாசியில் கத்தி பிடித்தேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சிரட்டை தோண்டினேன், பக்கத்தில் உட்கார்ந்த இளவட்டம் நூறைத் தாண்டவில்லை. நீ பெரிதாகச் சொன்னாயே அந்த ஈ.எஸ்.ஆர்., அது முப்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. சந்தோஷமாகக் காகிதத்தை வாங்கினேன். அந்த நவ்யா, வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாட்டி, உங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுங்களே" என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

இருநூற்றுப் பதினாறு.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். சட்டைப்பையில் பச்சைப் பேனா வைத்திருந்தான், மறுபடி எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

நான் தின்பது மாறவில்லை. அதே ராகிக் களி, அதே கீரை. களத்திலேயே கிடந்தாலும் தேங்காய் எண்ணெய் கரண்டியில் அளந்துதான் ஊற்றுவேன். புதிதாக உள்ளே போனது அந்த மஞ்சள் மாத்திரை ஒன்றுதான். அப்படியானால் கொழுப்பை ஏற்றியது எது? எனக்கு நாலாவது படிப்பு போதும் இதைக் கண்டுபிடிக்க. நிறுத்திவிட்டேன். மூன்று சந்தை ஆயிற்று.

நாலு நாளாகக் காலையில் விரல் மறுபடி இறுகுகிறது. இறுகட்டும். கொழுப்பெடுத்தவள் என்று பேர் வாங்குவதைவிடக் கை வலி மேல்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே.

மாரியாத்தாள்


வால்பாறை
28.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஜெயிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் அனீஸ் ஒன்று சொன்னார், அதை மட்டும் எழுதிவிடுகிறேன். மாத்திரை கொழுப்பை ஏற்றவில்லையாம். வீக்கம் அடங்கியதும் உன் உடம்பில் உள்ளது உள்ளபடி தெரிகிறதாம். நூற்று முப்பத்தெட்டுத்தான் பொய்க்கணக்கு. இதற்கு மேல் உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. வாதாடி உன்னிடம் யாரும் ஜெயித்ததுமில்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

உன் குடும்பத்தில் யாருக்காவது இந்த வாதம் இருந்ததா, யாராவது திடீரென்று இறந்தார்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா திடீரென்று போனாள் என்றேன். கை எப்படி இருந்தது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போது எனக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மாவின் கையை நினைத்துப் பார்க்கிறேன், எனக்கு வளையல்தான் ஞாபகம் வருகிறது.

நீதான் கூடவே களத்தில் இருந்தாய். அம்மாவின் கை எப்படி இருந்தது? அன்றைக்கு என்ன நடந்தது? உனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதி அனுப்பு. வேறு எதுவும் வேண்டாம்.

செவ்வந்தி


காங்கேயம்
6.4.2024

செவ்வந்திக்கு,

கேட்டதற்குப் பதில். ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். இரண்டு நாள் ஆனாலும் ஆகும், பேனா நிற்கவில்லை, விரலுக்கிடையில் துணி சுற்றிப் பிடித்திருக்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷத்துக்கு அடுத்த பொங்கல். அம்மா பானைக்கு மஞ்சள் கட்டும்போது முடிச்சுப் போட முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடிமுட்டியில் புடைத்திருந்தன. பிறகு இடது கை, அதே இரண்டு விரல். காலையில் எழுந்ததும் வடித்த கஞ்சிப் பானைக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூடு பிடித்த பிறகுதான் வாசல் கூட்டுவாள். நாலு வருஷத்தில் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன, காற்றடித்த சோளப்பயிர் மாதிரி. அவளுக்குத் தலை சீவிக் கொண்டை போட்டது நான். ரவிக்கைக் கொக்கி போட்டதும் நான். நீ வளையலைப் பார்த்தாய் என்றால், அந்த வளையலைக் கழற்ற முடியாது. கை அப்படி வீங்கி இருந்தது.

உடம்பு ஈர்க்குச்சி. கறி மாதத்துக்கு ஒரு நாள். எண்ணெயைப் புட்டி மூடியில் ஊற்றித்தான் தாளிப்பாள்.

1981 மாசி, புதன்கிழமை. காலையில் பத்து மணிக்குக் களத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். விரல் பிடிக்காது என்பதால் அலுமினிய டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத்தான் குடிப்பாள். ஒரு வாய் குடித்தாள். சிரட்டைக் குவியல் மேல் உட்கார்ந்தாள். "மாரி, தோள்பட்டை இழுக்குது கண்ணு" என்றாள். பங்காரு மேஸ்திரி, வாய்வா இருக்கும், இஞ்சி கடிக்கச் சொல் என்றான். நான் இஞ்சி வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது டம்ளர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. தேத்தண்ணி ஆறவே இல்லை, சேலையில் சூடு இருந்தது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

பங்காரு மேஸ்திரி இரண்டு ஆள் சுமையை அவள் தலையில் ஏற்றினான், அதனால்தான் போனாள் என்று நாற்பத்து மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போனதில்லை. அவன் பேரன் பத்திரிகை வைக்க வந்தபோது கதவைத் திறக்கவில்லை.

7.4.2024

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். கை வலியால் இல்லை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் என்று எழுதும்போது என் கையைப் பார்த்தேன். அதே இரண்டு விரல், அதே அடிமுட்டி. புரட்டாசியில் எனக்கு ஆரம்பித்தது அங்கேதான். மறக்காதவள் என்று பேர் எடுத்தேன். அம்மாவின் விரல் ஞாபகம் இருந்தது, என் விரல் கண் முன்னால் இருந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு அன்றைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் கொழுப்பு நூறுகூட இருந்திருக்காது செவ்வந்தி. அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டேன். இன்றைக்குச் சந்தை. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

வருகிற வியாழக்கிழமை கோயமுத்தூர் போகிறேன். மகனுக்கு லீவு கிடையாது. நீ வரவேண்டும் என்று நான் எழுதவில்லை. ஆனால் வால்பாறையில் இருந்து முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று உனக்குத் தெரியும். வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள். பேசமாட்டேன்.

மாரியாத்தாள்


வால்பாறை
15.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வியாழக்கிழமை நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். இல்லையென்றால் பத்து வருஷம் கழித்து நீ வேறு மாதிரி சொல்வாய், எல்லாரும் உன்னைத்தான் நம்புவார்கள்.

எட்டரைக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ திரும்பவில்லை. ஒன்பது மணிக்குத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "இந்த பாட்டில் ரா விடிய பஸ்ஸுல வந்திருக்கும், இட்லி தின்னுச்சான்னு தெரியலையே" என்றாய். நானும் பாட்டிலிடமே தின்னவில்லை என்று சொன்னேன். பையில் இருந்து பொட்டலத்தை எடுத்துப் பாட்டிலுக்கு முன்னால் வைத்தாய். எதிரில் இருந்த அம்மா எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

டாக்டர் பிரத்யுஷா உன்னைத் திட்டுவார் என்று பயந்தேன். மாத்திரையை நிறுத்தியதற்கு ஒரே வார்த்தைதான் சொன்னார், இனி எதையும் நிறுத்துவதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள் என்று. பிறகு அம்மாவைப் பற்றி நீ சொல்லச் சொல்ல எழுதினார். எந்த வருஷம், எந்த விரல், எத்தனை மணி என்று கேட்டார். நீ ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். "இப்படிச் சொல்றவங்க நூத்துல ஒருத்தர்கூட இல்லீங்க. இதுதான் எனக்கு வேணும்" என்றார். அப்போதே கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதினார். வியாதியும் இருந்து, ஐம்பதுக்குள் அம்மா திடீரென்று போயும் இருந்தால், வெறும் நம்பரை நம்பி உட்காரமுடியாது என்றார்.

ஸ்கேன் அறையில் உன் கழுத்தில் பசையைத் தடவி உருட்டினார்கள். திரை கருப்பாக இருந்தது. டாக்டரம்மா ஒரு இடத்தில் நிறுத்தினார். குழாயின் சுவரில் வெள்ளையாக ஒரு திட்டு, அரிசி மணி அளவு. இது கொழுப்பு படிஞ்சதுங்க என்றார். ரத்தத்தில் நூற்று முப்பத்தெட்டு என்று காட்டிய நாளிலும் இது இங்கே இருந்திருக்கும் என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த வார்த்தையை உன் மேல் எறிந்தவள் நான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் நீ கழுத்தில் பசையோடு தலையைத் திருப்பினாய். பத்தொன்பது மாதம் கழித்து.

"அழுகாத செவந்தி. நீ சொன்னது சரிதான், கொழுப்பு இருக்குது. எடத்தத்தான் தப்பாச் சொல்லிப்போட்ட."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஸ்கேன் படம் ஆடிவிட்டது, மறுபடி எடுத்தார்கள்.

சின்னத் திட்டுத்தான், அடைப்பு இல்லை, சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார். ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார், கொழுப்பைக் குறைத்து அந்தத் திட்டை வளரவிடாமல் பிடிக்க. மஞ்சள் மாத்திரையும் விடக்கூடாது, வீக்கம்தான் ஆணிவேர் என்றார். புகையிலையை நான் சொல்லவில்லை, அவரே கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

அக்கா, மண்டபத்தில் நான் சொன்னது தப்பு. நூற்றைம்பது பேரையும் கூட்ட என்னால் ஆகாது. ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

செவ்வந்தி


காங்கேயம்
2.5.2024

அன்புள்ள செவ்வந்திக்கு,

போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

சத்தியத்தை மீறியதற்குப் பூசாரி ஒரு படி தேங்காய் எண்ணெய் கேட்டார். ஊற்றிவிட்டேன். முதல் தரமான எண்ணெய், நம் களத்துக் கொப்பரையில் ஆட்டியது. அம்மனுக்குக் கொழுப்பு ஏறினால் அவள் பார்த்துக்கொள்வாள்.

இனி போனில் பேசலாம். ஆனால் முக்கியமானதை எழுதியே அனுப்பு. பேச்சில் சொன்னதை நாளைக்கு நீ இல்லை என்பாய். எழுத்து என்றால் பெட்டியில் இருக்கும்.

புகையிலையை விட்டு இருபத்தோரு நாள் ஆகிறது. முதல் வாரம் வாய் நமநமத்தது, களத்தில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். வழக்கமாக விழுவதுதானே என்று ஒருத்தி சொன்னாள். அவளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பங்காரு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். ஆள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, பேரன்தான் இருந்தான். உன் கல்யாணத்துக்கு வரவில்லை, அது என் தப்பு என்றேன். அவன் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டான். சுமை ஏற்றியது உண்மை. அதை நான் விடமாட்டேன். ஆனால் அம்மாவைக் கொன்றது அது இல்லை.

இன்னொன்று. சீமாட்டி என்று சொன்னேன். ராத்திரி படுக்கையில் ஞாபகம் வந்தது. எலை எடுக்கிற நேரம் என்றும் சொன்னேன். வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. பிரான்சிஸிடம் சொல்லு. சர்க்கரை இல்லாத தேத்தண்ணி வேறு விஷயம், அது அப்படியே இருக்கட்டும்.

உன் அக்கா
மாரியாத்தாள்


காங்கேயம்
9.3.2025

அன்புள்ள செவ்வந்திக்கு,

போனில் சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு எழுதுகிறேன், இது எழுத்தில் இருக்கவேண்டிய விஷயம்.

ஈ.எஸ்.ஆர். பதினாலு. இந்தத் தடவை கெட்ட கொழுப்பைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள், அறுபத்து நாலு, எழுபதுக்குள் இருக்கவேண்டுமாம். நவ்யா ஜன்னலில் தலையை நீட்டி, பாட்டி கொழுப்பு குறைஞ்சுபோச்சு என்று கத்தினாள். நான் எழுந்து கிட்டப் போய், எதனால் குறைந்தது என்று கேட்டேன். முதல் தடவை குறைந்தது வியாதியால், இந்தத் தடவை குறைந்தது மருந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு கத்து என்று சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அரிசி மணி அப்படியே நிற்கிறது, ஒரு நூல்கூட வளரவில்லை.

கை இரண்டும் நேராக இருக்கின்றன. காலையில் எழுந்ததும் நானே கொண்டை போட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போது விரலில் துணி சுற்றவில்லை, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

களத்தில் மறுபடி மூட்டை தூக்கலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தோண்டுவதற்கு உட்கார்ந்தால் பாதிக் கூலி, தூக்கி அடுக்கினால்தான் முழு ஆள். இருதயத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு மெஷின் இருக்கிறது. அடியில் தரை ஓடும், நாம் மேலே நடக்கவேண்டும். நெஞ்சில் பத்து இடத்தில் ஒயர் ஒட்டினார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பேர் வரதராஜுலு, மரியாதையான ஆள். "வலிச்சாலோ, மூச்சு முட்டினாலோ ஒடனே சொல்லிப்போடுங்க அம்மா, நிறுத்திரலாம். உங்க வயசுக்கு அஞ்சு நிமிசம் நடந்தாலே பெருசு" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன்.

முதல் மூன்று நிமிஷம் சந்தைக்குப் போகிற நடை. அடுத்த மூன்று நிமிஷம் மேடு ஏறுகிற நடை, தரை முன்பக்கம் தூக்கிக்கொண்டது. நெஞ்சில் வலி வருமா என்று நானே உள்ளே காது வைத்துக் கேட்டுக்கொண்டு நடந்தேன். தோள்பட்டை இழுக்கிறதா என்று பார்த்தேன். இழுக்கவில்லை. எட்டாவது நிமிஷம் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைகட்டி நின்றார். வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் வரதராஜுலு பொத்தானில் கையை வைத்தார். போதுங்க அம்மா, இருதயம் போகவேண்டிய வேகத்துக்குப் போய்விட்டது, படத்தில் ஒரு கோடுகூடத் தப்பில்லை, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார்.

நான் நடையை விடவில்லை. சொன்னேன்:

"உங்க மெசினுக்கு மூச்சு வாங்குதுன்னா நிறுத்திக்கோங்க சாமி."

திங்கட்கிழமையில் இருந்து முழு ஆள்.

உன் அக்கா
மாரியாத்தாள்